11 மணி நேரம் எங்க ரேடியோ பேசல, யாரும் கேக்கல

சமூக வானொலி ஆரம்பிக்கப் போறோம்னு யாராவது வந்து சொன்னா முன்னாடியெல்லாம் நானும் கூடவே குஷியாயிடுவேன். இப்ப அப்படி இல்ல, "முதல் வருஷத்துக்குக் காசு இருக்கு சரி, மூணாவது வருஷத்துக்கு?"ன்னு கேப்பேன், மூஞ்சி வாடிப்போகும். நான் ஆரம்பிச்சப்ப என்கிட்ட இத யாரும் கேக்கல. கேட்டிருந்தா எனக்கும் கோவம்தான் வந்திருக்கும், ஆனா பின்னாடி எவ்வளவோ மிச்சமாயிருக்கும். ஆறு வருஷம் லாபநோக்கில்லாத ஒரு சின்ன எஃப்எம் ஸ்டேஷன ஓட்டினேன். லைசன்ஸ் எங்க அமைப்பு பேர்லதான் (இந்தியாவுல சமூக வானொலிக்கும் சரி, அமெரிக்காவுல குறைஞ்ச பவர் எஃப்எம்முக்கும் சரி, தனியாள் பேர்ல லைசன்ஸ் தரவே மாட்டாங்க), ஆனா சாவி, பாஸ்வேர்டு, கடன் மூணும் என்கிட்டதான் இருந்துச்சு. அதுதான் பிரச்சனையே, அது புரியறதுக்கு எனக்கு நாலு வருஷம் ஆச்சு, என் சேமிப்புல பாதி போச்சு.

முதல் தப்ப ஆன் ஏர் போறதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன். கையில இருந்த காசுல பெரும்பங்க டிரான்ஸ்மிட்டர்ல போட்டேன். பவர் அதிகமா இருந்தா தூரம் அதிகமா போகும்னு நெனப்பு. மிச்சம் இருந்த காசுல ஒல்லியான ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் வாங்கி ஆன்டெனாவுக்கு இழுத்துட்டோம். அந்தக் கேபிள் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல 30 மீட்டருக்கு கிட்டத்தட்ட 5 டெசிபெல் சாப்பிட்டுடும், அதாவது கீழ இருந்து அனுப்புற பவர்ல மூணுல ஒரு பங்குதான் மேல ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும், மிச்சம் கேபிள சூடாக்கிட்டே போயிடும். இது தெரியாம ரெண்டு மாசம் சிக்னல் ஏன் எட்டலன்னு டிரான்ஸ்மிட்டர் வித்தவர்கூட சண்ட போட்டேன், பாவம் அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அப்புறம் தடிமனான கேபிள் வாங்கினோம், அது எவ்வளவுன்னு கேக்காதீங்க, அந்தக் காசுக்கு சின்ன டிரான்ஸ்மிட்டர் இன்னொண்ணே வாங்கியிருக்கலாம். பவர ரெண்டு மடங்காக்கினா கிடைக்கறது வெறும் 3 டெசிபெல், கேக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது. உயரம்தான் எல்லாம். 10 மீட்டர் உயரத்துல ஆன்டெனா இருந்தா ரேடியோ அடிவானம், அதாவது சிக்னல் நேரா எட்டற எல்லை, சுமாரா 13 கிலோமீட்டர், அதையே 30 மீட்டருக்குத் தூக்கினா 22 கிலோமீட்டரத் தாண்டும். அதனால காசு கம்மியா இருந்தா முதல்ல உயரத்துக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்க, டிரான்ஸ்மிட்டர் கடைசி.

ஆன் ஏர் போன முதல் நாள் நான் வண்டிய எடுத்துட்டு ரேடியோவ போட்டுக்கிட்டு சுத்திக்கிட்டே இருந்தேன், எங்க இரைச்சல் வருதோ அங்க நின்னு திரும்பி வந்து மறுபடி போவேன். எங்க ஆள் குரல் அந்த டப்பாவுக்குள்ள இருந்து வந்தப்ப அழுதுட்டேன், இதுல வெக்கமே இல்ல. அந்த சந்தோஷம் சுமார் எட்டு மாசம் தாங்குச்சு.

அப்புறம் வந்துச்சு அந்த ராத்திரி. பாட்டும் பதிவு பண்ணின நிகழ்ச்சியும் ஓட்டுற கம்ப்யூட்டர் நடுராத்திரியில தானா அப்டேட் போட்டுக்கிட்டு ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் எழுந்துச்சு, பிளேஅவுட் மென்பொருள் எழுந்துக்கல. டிரான்ஸ்மிட்டர் பாட்டுக்கு நல்லா வேல செஞ்சுக்கிட்டே இருந்ததால இரைச்சல்கூட வரல, அலைவரிசையில சுத்தமான நிசப்தம். காலையில நான் கதவத் திறந்து உள்ள போறப்ப மணி 11. நேர ஓடிப்போய்ப் பாத்தது மிஸ்டுகால் இருக்கான்னுதான். ஒண்ணுகூட இல்ல. 11 மணி நேரம் நாங்க செத்துக்கிடந்திருக்கோம், ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல, இல்ல தெரிஞ்சும் கவலையில்ல. அந்த ஸ்டூல்ல உக்காந்து என்ன நெனச்சேன்னு இங்க எழுத முடியாது. மூணு நாள் கழிச்சு வயசான ஒரு நேயர் கூப்பிட்டு "தம்பி, உங்க நிகழ்ச்சி ரெண்டு நாளா கேக்க முடியல, என் செட்டு கெட்டுப்போச்சுன்னு ரிப்பேருக்குக் குடுத்துட்டேன், அவன் ஒண்ணும் கோளாறு இல்லங்கறான்"னு சொன்னாரு. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. ஜனங்க நம்மளச் சந்தேகப்படல, அவங்க ரேடியோவச் சந்தேகப்பட்டிருக்காங்க. அதுவுமில்லாம எங்க போன் நம்பர நாங்க நேரலை நிகழ்ச்சியில மட்டும்தான் சொல்லிக்கிட்டிருந்தோம், ரேடியோ நின்னுபோனா எந்த நம்பருக்குக் கூப்பிடறதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்னிக்கே பண்ணியிருக்க வேண்டியத அப்புறம்தான் பண்ணினோம். ஒண்ணு, சைலன்ஸ் டிடெக்டர். 30 செகண்டுக்கு மேல சத்தம் வரலன்னா தானா வேற ஒரு பிளேயருக்கு மாத்திவிடும், மூணு பேர் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அந்த வேற பிளேயர் பெரிய விஷயமே இல்ல, பென்டிரைவ் போட்டு ஓடற சாதா பிளேயர், அதுல நாலு மணி நேரத்துக்குப் பழைய நிகழ்ச்சிகள். கம்ப்யூட்டர்ல ஆட்டோ அப்டேட்ட நிறுத்துங்க, ரீஸ்டார்ட் ஆனா மென்பொருள் தானா ஸ்டார்ட் ஆகற மாதிரி வைங்க. மென்பொருளுக்குக் காசு கொட்டணும்னு அவசியம் இல்ல, ரிவெண்டெல், லிப்ரேடைம் மாதிரி இலவசமாவே இருக்கு, எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போதும். ஆனா இலவசம்னா பழுது பாக்கறவனும் நீங்கதான்னு அர்த்தம், அத மறந்துடாதீங்க.

இப்ப கூரை கத. இதத்தான் எல்லாரும் கவனமா படிக்கணும். எங்க ஆன்டெனா நின்னது ஒரு உயரமான கட்டடத்தோட மொட்டை மாடியில. கட்டடக்காரர் நல்ல மனுஷன், எங்க நிகழ்ச்சி கேக்கறவர், "பேப்பர்லாம் எதுக்கு சார், நீங்க நல்லது பண்றீங்க, வெச்சுக்கோங்க"ன்னாரு. நானும் பல்லக் காட்டிட்டு வந்துட்டேன். மூணாவது வருஷம் அவர் கட்டடத்த வித்துட்டாரு. புதுசா வாங்கினவர் ஒரே போன்ல முடிச்சாரு, ஒரு மாசத்துல இறக்கிடுங்க, இல்லன்னா மாச வாடகை இவ்வளவுன்னு. அந்த வாடகை எங்க கரண்ட் பில்லு, இன்டர்நெட்டு ரெண்டையும் சேத்தாலும் அதவிட ஜாஸ்தி. சரி வேற மாடிக்குப் போவோம்னு பாத்தா அப்பதான் உறைக்குது, லைசன்ஸ்ங்கறது அலைவரிசைக்கு மட்டும் இல்ல, ஆன்டெனா நிக்கற அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், பவர் எல்லாத்துக்கும் சேத்துக் குடுக்கறது. இடம் மாறினா மறுபடி விண்ணப்பம், மறுபடி அனுமதி. அஞ்சு மாசம் நாங்க காத்துல இல்ல. அந்த அஞ்சு மாசத்துல மாசாமாசம் பணம் தந்துக்கிட்டிருந்தவங்கள்ல பாதிப்பேர் நிறுத்திட்டாங்க, தப்பு சொல்ல முடியாது, இல்லாத ரேடியோவுக்கு எதுக்குப் பணம் தரணும். மாஸ்ட் (ஆன்டெனா நிக்கற கம்பம்) இறக்கி ஏத்தின செலவோட சேத்தா ஒரு முழு வருஷத்து நன்கொடை காலி. கூரைக்கு எழுத்துல ஒப்பந்தம் போடுங்க, லைசன்ஸ் காலம் வரைக்கும், கட்டடம் கைமாறினாலும் செல்லும்னு ஒரு வரி, காலி பண்ணச் சொன்னா ஆறு மாச அவகாசம்னு இன்னொரு வரி. எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, அவர் மவன் நல்லவனா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

காசப் பத்திப் பேசாம இந்தக் கத முடியாது. ஆரம்பிக்கறதுக்கு மானியம் கிடைக்கும், கருவி வாங்க எல்லாருக்கும் பிடிக்கும், போட்டோ எடுத்துக்கலாம், பேர் போட்ட பலகை மாட்டலாம். கரண்ட் பில்லுக்கு யாரும் பலகை மாட்ட மாட்டாங்க. கரண்ட், வாடகை, இன்டர்நெட், பாட்டு உரிமம், காப்பீடு, கணக்குத் தணிக்கை, பழுது, இதெல்லாம் நீங்க ஒலிபரப்பினாலும் தூங்கினாலும் வரும். நான் போட்ட பட்ஜெட்டுல பழுதுக்குன்னு ஒரு வரியே இல்ல. இப்ப யாராவது கேட்டா, கருவிங்களோட விலையில பத்துல ஒரு பங்க வருஷாவருஷம் தனியா எடுத்து வைங்கன்னுதான் சொல்வேன், இது எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல, அடிபட்டுக் கத்துக்கிட்டது. விளம்பரம் போட்டு சமாளிக்கலாம்னு நெனச்சா அதுக்கும் நாட்டுக்கு நாடு கடிவாளம் இருக்கு. இந்தியாவுல மணிக்கு இத்தன நிமிஷம்னு அளவு வெச்சிருக்காங்க. அமெரிக்காவுல லாபநோக்கில்லாத ஸ்டேஷன்ல விளம்பரமே கூடாது, ஆதரவு தந்தவங்க பேரச் சொல்லி நன்றி சொல்லலாம், விலை சொல்லக்கூடாது, மத்தவங்களதவிட இது நல்லதுன்னு சொல்லக்கூடாது, வந்து வாங்குங்கன்னு கூப்பிடக்கூடாது. எங்களோடதும் அந்த நன்றி சொல்ற ரகம்தான். ஒரு நாள் எங்க தொகுப்பாளர் உற்சாகத்துல எழுதிக் குடுத்தத விட்டுட்டு "எல்லாரும் கட்டாயம் போய்ப் பாருங்க, விலையும் ரொம்பக் கம்மி"ன்னு சொந்தமா ரெண்டு வரி சேத்துட்டாரு, ஒரே வாக்கியத்துல ரெண்டு விதி காலி. விளக்கம் கேட்டு லெட்டர் வந்து, அதுக்குப் பதில் எழுதவே மூணு வாரம் போச்சு.

மனசு விட்டுப்போன சமயத்துல பழைய ஸ்டேஷன்களோட வரலாறு தேடித் தேடிப் படிப்பேன். அமெரிக்காவுல பெர்க்லியில கேபிஎஃப்ஏன்னு ஒண்ணு, 1949ல நேயர்கள் காசுலயே நடத்தணும்னு ஆரம்பிச்சாங்க, 1950ல காசு இல்லாம மூடிட்டாங்க, நேயர்கள் பணம் திரட்டி 1951ல திரும்பக் காத்துல வந்துச்சு. பொலிவியாவுல சுரங்கத் தொழிலாளிங்க தங்களோட சம்பளத்துல இருந்து ஒரு பங்கு குடுத்து வானொலிகள் நடத்தினாங்க. இதப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு, நான் நேயர்கள்கிட்ட காசே கேட்டதில்ல. கேக்க வெக்கம். வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா யார்கிட்டயாவது வாங்கிடுவேன், அவர் அடுத்த வருஷம் மறந்துடுவாரு. அப்புறம்தான் கணக்க அப்படியே ஆன் ஏர்ல படிச்சோம், இந்த மாசம் கரண்டுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, கையில இவ்வளவுன்னு. வெக்கமா இருந்துச்சு, ஆனா பணம் வந்துச்சு, சின்னச் சின்னதா, மாசாமாசம். 200 பேர் கொஞ்சம் கொஞ்சமா தர்ற காசுக்கும் ஒருத்தர் மொத்தமா தர்ற காசுக்கும் தொகை ஒண்ணா இருக்கலாம், ராத்திரித் தூக்கம் ஒண்ணு இல்ல.

தன்னார்வலர்ங்க விஷயம். முதல் கூட்டத்துக்கு 32 பேர் வந்தாங்க. எட்டாவது மாசம் ஏழு பேர். வந்தவங்க எல்லாருக்கும் மைக்குல பேசணும், யாருக்கும் எடிட் பண்ண வேணாம், கூட்ட வேணாம், கேபிள் சுத்தி வைக்க வேணாம். நான் என்ன பண்ணினேன்னா யார் வரலையோ அவங்க வேலையெல்லாம் நானே செஞ்சேன். வாரத்துக்கு 55 மணி நேரம், அதுபோக என் சொந்த வேல வேற. வீட்ல பேச்சு நின்னுபோச்சு. அதுல ஒரு பெருமையும் இருந்துச்சு, அதான் கேவலம், நான் இல்லன்னா ஸ்டேஷன் இல்லன்னு சொல்லிக்கறதுல ஒரு சொகம். அது பாராட்டு இல்ல, கோளாறு. இப்ப சொல்றேன், நிகழ்ச்சி நேரத்த முதல்லயே நிறைய வெச்சுக்காதீங்க. 24 மணி நேரமும் ஓடறேன்னு நாங்க அறிவிச்சோம், மூணு மணி நேரம் நல்ல நிகழ்ச்சியும் அதோட மறுஒலிபரப்பும் போதும். மைக்குல பேசணும்னா மாசத்துக்கு ரெண்டு தடவ பேசாத வேல செய்யணும்னு முதல் நாளே சொல்லிடுங்க. போறவங்க போகட்டும்.

நேரலைல போன் எடுக்கறதா இருந்தா டிலே (பேசறது சில செகண்ட் தாமதமா வெளிய போற ஏற்பாடு) இல்லாம எடுக்காதீங்க. ஒருத்தர் கூப்பிட்டு, இன்னார் பொது நிதியத் தின்னுட்டாருன்னு பேரச் சொல்லிட்டாரு, ஆதாரம் ஒண்ணும் இல்ல. சொன்னவர் போன வெச்சிட்டாரு, வக்கீல் நோட்டீஸ் எங்களுக்கு. ஒலிபரப்புனது நாமதானே, பொறுப்பு லைசன்ஸ் வெச்சிருக்கறவங்க தலையிலதான். பேர் அடிபட்டவர் வீட்டுக்கே நேர்ல போய் மன்னிப்புக் கேட்டு, ஆன் ஏர்லயும் மூணு நாள் மறுப்புப் படிச்சுத்தான் முடிஞ்சுது. ஏழெட்டு செகண்ட் டிலேயும் பேச்ச வெட்டற ஒரு பட்டனும் இருந்திருந்தா அந்தப் பேரு வெளிய போயிருக்காது. ஒலிபரப்பு எல்லாத்தையும் பதிவு பண்ணி வைக்கற லாகர் ஒண்ணும் கட்டாயம் வேணும். அந்தப் பதிவு கையில இருந்ததாலதான் எங்க தொகுப்பாளர் உடனே குறுக்க பேசித் தடுத்தாருன்னு காட்ட முடிஞ்சுது.

பாட்டு. இத சுருக்கமா சொல்லிடறேன், நெனச்சாலே வயிறு எரியுது. ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு, எழுதி இசையமைச்சவங்களோடது ஒண்ணு, பதிவு பண்ணினவங்க, பாடினவங்களோடது இன்னொண்ணு. எஃப்எம்ல போடறதுக்கு வாங்கின உரிமம் இன்டர்நெட் ஸ்ட்ரீமிங்குக்கு செல்லும்னு நீங்களா நெனச்சுக்காதீங்க. உதாரணமா அமெரிக்காவுல எஃப்எம்ல போட்டா முதல் வகைக்கு மட்டும் காசு, ஸ்ட்ரீமிங்னா ரெண்டுக்கும். நாங்க ஆசைப்பட்டு ஸ்ட்ரீமிங்கும் ஆரம்பிச்சோம், என்ன பாட்டு எப்ப போட்டோம்னு ஒரு குறிப்பும் இல்ல. ஒன்றர வருஷத்துப் பட்டியல் கேட்டாங்க. லாகர் பதிவுகளக் கேட்டுக் கேட்டு நானும் இன்னொருத்தரும் கையால பட்டியல் எழுதினோம், அதுக்கே 40 நாள், பாக்கி காசு தனி.

கடைசியா தண்ணி. அஞ்சாவது வருஷம் மழைக்கப்புறம் சிக்னல் கொஞ்சங்கொஞ்சமா இறங்கிக்கிட்டே வந்துச்சு. டிரான்ஸ்மிட்டர்ல எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பக்கம் அனுப்பற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற அளவு) 3க்கு மேல காட்டுச்சு, அப்படின்னா அனுப்பறதுல கால் பங்குக்கு மேல திரும்பி வருதுன்னு அர்த்தம். டிரான்ஸ்மிட்டர் தன்னக் காப்பாத்திக்க பவரக் குறைச்சுக்கும், அது பாவம் சரியாத்தான் பண்ணுது. மாடி ஏறி ஆன்டெனா பக்கத்து கனெக்டரக் கழட்டினேன், உள்ள இருந்து ஒரு ஸ்பூன் அளவு பச்சத் தண்ணி என் உள்ளங்கையில ஊத்துச்சு. செம்பு பாசி பிடிச்ச மாதிரி பச்ச. கேபிள் மேல இருந்து நேரா கனெக்டருக்குள்ள இறங்குற மாதிரி கட்டியிருந்தோம், கனெக்டருக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டுக் கட்டியிருந்தா தண்ணி அங்கயே சொட்டிப் போயிருக்கும். சுத்தறதுக்கு சாதா இன்சுலேஷன் டேப்பு வேற. தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பு ஒரு ரோல் போதும், அது இல்லாததால டிரான்ஸ்மிட்டரோட அவுட்புட் பகுதியும் சேந்து போச்சு. எஸ்டபிள்யூஆர வாரத்துக்கு ஒரு தடவ பாத்து எழுதி வெச்சிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

அந்தத் தண்ணியக் கையில வெச்சிக்கிட்டு மாடியில நிக்கறப்பதான் தோணுச்சு, கூரை, பாட்டு, எஸ்டபிள்யூஆர், யாரு எந்த நாள் வருவாங்க, எந்த ஸ்விட்ச முதல்ல போடணும், எதுவுமே எங்கயும் எழுதி இல்ல. எல்லாம் என் தலையில இருக்கு. நான் வண்டியில இருந்து விழுந்தா ஸ்டேஷனும் விழுந்துடும். கீழ இறங்கி ஒரு நீளமான ரெஜிஸ்டர் நோட்டு வாங்கி ஸ்டுடியோ மேசையில சணல் கயித்துல கட்டிப் போட்டேன். தேதி, நேரம், என்ன ஆச்சு, என்ன பண்ணினோம், யாரு. முதல் பக்கத்துல எந்த ஃபியூஸ் எதுக்கு, உதிரி எங்க இருக்குன்னு படம் வரைஞ்சு ஒட்டினேன். பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு ஒட்டி அமைப்போட செயலாளர்கிட்ட குடுத்தேன், கை நடுங்குச்சு, உண்மையாவே. எல்லா வேலைக்கும் ரெண்டாவது ஆள் ஒருத்தருக்குக் கத்துக் குடுத்தேன், முதல் நாலு மாசம் பக்கத்துலயே நின்னு "அப்படி இல்ல, இப்படி"ன்னு உயிர வாங்கினேன், ஒரு பொண்ணு ஒரு நாள் நேராவே சொல்லிடுச்சு, "அண்ணா நீங்க வீட்டுக்குப் போங்க"ன்னு.

போனேன். பத்து நாள் வெளியூர். ஏழாவது நாள் விடிகாலையில போன் கத்துச்சு, சைலன்ஸ் அலாரம். எழுந்து உக்காந்து சட்ட மாட்டினேன், எங்க போகப் போறேன்னு தெரியாம. ஸ்ட்ரீமப் போட்டு காதுல வெச்சேன், ஸ்ட்ரீமே செத்துக் கிடந்துச்சு. யாருக்கும் போன் பண்ணக்கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அரை மணி நேரம் கழிச்சுப் பாட்டு வந்துச்சு. ஊருக்குத் திரும்பினதும் நேரா நோட்டத்தான் பிரிச்சேன். யாரோட கையெழுத்துன்னே தெரியல, புதுசா வந்த பையனா இருக்கணும், எழுத்துப்பிழையோட ரெண்டே வரி: "3.10 பியுஸ் போச்சு. மாத்தியாச்சி. உதிரி இன்னும் ஒன்னுதான் இருக்கு, வாங்கனும்."